மூன்றாவது முறை அளந்த ஜன்னல்

"மூணு நாளா இதோ வரேன் அதோ வரேன்னு சொல்லிட்டு, இன்னிக்குத்தான் வழி தெரிஞ்சுதா உங்களுக்கு?"

கதவைத் திறந்ததும் திறக்காததுமாக அவள் பொரிந்து தள்ளினாள். வாசலில் நின்றவன் தொப்பலாக நனைந்திருந்தான். ஒரு கையில் அளவு டேப். மறு கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஓர் அட்டை. நெற்றி முடியிலிருந்து வழிந்த மழைத்துளி ஒன்று மூக்கு நுனிக்கு வந்து, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. அவன் வாயைத் திறந்தான்...

"சமாதானமெல்லாம் அப்புறம் சொல்லுங்க. முதல்ல மேல வாங்க. ஜன்னல் கதவு கீல் விட்டுத் தொங்குது. ரூம் பூரா தண்ணி!"

விடுவிடுவென்று அவள் படியேற, வேறு வழியில்லாமல் அவனும் பின்னால் ஏறினான்.

அவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நாள் முழுக்கச் சின்னச் சின்னக் குழாய்களில் பெயர்ச்சீட்டு ஒட்டுவாள். எது யாருடையது என்பதில் இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. அப்பேர்ப்பட்டவள் அன்றைக்கு ஓர் ஆளுக்கே தப்பான சீட்டை ஒட்டிவிட்டாள். தச்சர் என்று!

"இதை இப்படித் தூக்கிப் பிடிங்க... ம், அப்படித்தான்."

அவன் தூக்கிப் பிடித்தான். அவள் நீட்டிய திருப்புளியை வாங்கிக்கொண்டான். ஒரு திருகாணியை உதட்டில் கவ்விக்கொண்டு மற்றொன்றை முடுக்கினான். சாரல் இருவர் முகத்திலும் தெறித்தது. அப்போதுதான் அவள் அவன் கண்களைப் பார்த்தாள். இப்போதுதான் தூங்கி எழுந்த மாதிரி, எதையும் அவசரமில்லாமல் பார்க்கிற கண்கள்... சே, வேலைக்கு வந்த ஆளின் கண்ணையெல்லாம் யாராவது இப்படி ஆராய்வார்களா?

"வேலை நல்லாத்தான் செய்றீங்க. சொன்ன நாள்ல வந்தா என்னவாம்?"

அவன் உதட்டிலிருந்த திருகாணியை எடுத்தான்.

"நான் தச்சர் இல்லைங்க."

"பின்னே?"

"நகராட்சி. வாடகை அனுமதி ஆய்வுக்கு வந்திருக்கேன். நோட்டீஸ்கூட வந்திருக்குமே..."

அவளுக்குக் காது மடல் வரை சூடேறியது. "அதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"எங்கே சொல்ல விட்டீங்க?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை மன்னித்திருப்பாள். ஆனால் அடுத்து அவன் செய்த காரியம் இருக்கிறதே... தன் கையால் சரி செய்த அதே ஜன்னலை டேப் வைத்து அளந்தான். தரையை அளந்தான். அட்டையில் எழுதினான்.

"ஜன்னல், தரைப் பரப்புல பத்துல ஒரு பங்காவது இருக்கணுங்க. இது குறையுது. அகலத்துல எட்டு சென்டிமீட்டர்."

"நீங்களே ரிப்பேர் பண்ணி, நீங்களே குறையும் எழுதுவீங்களா?"

"ரிப்பேர் உங்களுக்காக. குறை ஆபீசுக்காக."

வாயைப் பாரேன், என்று அவள் மனசுக்குள் கறுவினாள்.

கறுவுவதற்குக் காரணம் இருந்தது. நகராட்சி புதிதாக ஒரு விதி போட்டிருந்தது. அவர்கள் தெரு குடும்பங்கள் வசிக்கும் பகுதியாம். ஆகவே ஒரு வீட்டில் சொந்தக்காரர் அல்லாதவர்கள் இரண்டு பேருக்கு மேல் வாடகைக்கு இருக்கக்கூடாதாம். ஏற்கெனவே இருக்கும் வீடுகள் விலக்குக் கேட்கலாம். ஆய்வாளர் வந்து பார்த்து அறிக்கை தருவார், மன்றம் கூடி முடிவு சொல்லும். அவள் வீட்டு மாடியில் மூன்று அறைகள், மூன்று பெண்கள். விலக்குக் கிடைக்காவிட்டால் ஒருத்தி மூட்டை கட்ட வேண்டும்.

யாரைப் போகச் சொல்வது? நர்ஸ் அக்காவையா? கணக்கு டீச்சரையா? ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்லும், வீட்டிலும் அதே குரலில் பேசும் அந்தப் பொல்லாத பெண்ணையா? அம்மா போன பிறகு, ஓய்வு பெற்ற பஸ் டிரைவரான அப்பா எட்டு மாதம் வாயையே திறக்கவில்லை. இந்த மூன்று பேரும் வந்த பிறகுதான் சண்டை போட ஆரம்பித்தார். டிவி ரிமோட்டுக்காக அவர் போட்ட முதல் சத்தத்தைக் கேட்டு அவள் குளியலறைக்குள் போய் அழுதாள். சந்தோஷத்தில்தான்.

அவன் கீழே இறங்கி வந்தபோது மொத்தக் குடும்பமும் கூடத்தில் அணிவகுத்து நின்றது.

"இங்க இருக்கிறவங்க என்ன உறவுன்னு எழுதணும்..." என்று ஆரம்பித்தான்.

"நான் இவளோட பெரியம்மா பொண்ணு," என்றாள் நர்ஸ், கண்ணை இமைக்காமல்.

"நான் அத்தை பொண்ணு," என்றாள் டீச்சர்.

அறிவிப்பாளருக்கு உறவு எதுவும் மிச்சமில்லை. "நான்... அண்ணி," என்றாள் கணீரென்று.

"அப்ப அண்ணன்?"

"அவர்... தாமதமாக வந்துகொண்டிருக்கிறார்."

"எல்லாம் என் பொண்ணுங்கதான்யா, எழுதிக்கோ!" என்று அப்பா முடித்துவைத்தார்.

அவன் சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டான். பிறகு அவள் பக்கம் திரும்பினான். "நீங்க சொல்லுங்க. நீங்க சொல்றதை எழுதிக்கிறேன்."

ஒரு தலையசைப்புப் போதும். எத்தனை சுலபம்! ஆனால் தப்பான சீட்டு ஒட்டத் தெரியாத கை அவளுடையது. தெரியாமல் ஒட்டியது வேறு கதை.

"யாரும் சொந்தமில்லைங்க," என்றாள். "ஆனா இவங்க இல்லைன்னா இந்த வீடு வீடா இருக்காது. அதை எழுத உங்க படிவத்துல இடம் இருக்கா?"

அவன் பேனா நின்றுவிட்டது. அவளையே பார்த்தான். அவசரமில்லாத அந்தக் கண்கள் அன்றைக்கு அவள் முகத்தைவிட்டு நகர ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டன.

அடுத்த வாரம் மறுபடியும் வந்தான். மாடிப்படியின் அகலம் விட்டுப்போச்சாம். போகிற போக்கில் ஜன்னலையும் ஒரு தடவை அளந்தான். அதற்கடுத்த வாரம் ஜன்னலுக்காகவே வந்தான்.

"ஏம்ப்பா, அது என்ன வளர்ற பிள்ளையா? வாராவாரம் அளக்கிறியே!" என்று அப்பா பேப்பருக்குள்ளிருந்து கேட்டார். பக்கத்தில் நர்ஸ் அக்காவுக்கு இருமல் வந்தது. அது இருமல் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

அன்றைக்கும் மழை. டேப்பின் ஒரு முனையை அவள் பிடித்துக்கொண்டாள். மறுமுனை அவனிடம். நடுவில் இருந்ததெல்லாம் ஒரு ஜன்னலும் கொஞ்சம் காற்றும்தான்.

"எவ்வளவு வருது?"

"அதேதான்."

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

அவன் காது சிவந்தது. "மழைக்கு... ஒழுகுதான்னு பாக்கலாம்னு..."

"ஒழுகலை."

"நல்லது."

"நல்லதுதான்."

அவன் டேப்பைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினான். ஆனால் அவன் போன பிறகும் அவள் அந்த ஜன்னலோரமே நின்றாள். தெருமுனையில் அவன் திரும்பிப் பார்த்தபோது சட்டென்று ஒளிந்துகொண்டாள். ஏண்டி ஒளியறே, என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மறுநாள் பரிசோதனைக் கூடத்தில் ஒரே குழாயின் பெயரை நான்கு தடவை படித்தும் மண்டையில் ஏறவில்லை. ஐயோ, இது நல்லதுக்கில்லை...

அதற்குப் பிறகு அவன் வரவில்லை. அவனுக்குப் பதில் ஒரு கடிதம் வந்தது. 'தங்கள் கோப்பு வேறு ஆய்வாளரிடம் மாற்றப்பட்டுள்ளது.' பின்னாலேயே ஒரு தொப்பைக்காரர் வந்து, பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் அளந்துவிட்டு, ஒரு கொட்டாவியோடு போய்ச் சேர்ந்தார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதிராக எழுத மனசில்லாமல் நழுவிவிட்டானா? அல்லது அத்தனையும் அவளுடைய கற்பனைதானா? நேரே நகராட்சிக்குப் போனாள். மூன்றாவது மேஜைக்குப் பின்னால் அவன் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தே விட்டான்.

"எங்க ஃபைலை ஏன் கைகழுவிட்டீங்க?"

"மன்னிச்சிருங்க... முடிவு வர்ற வரைக்கும் உங்ககூட நான் பேசக்கூடாது."

"யார் சொன்னது?"

"விதிங்க."

"ஓ! விதியா?" கண்ணில் முட்டிக்கொண்டு வந்ததை அவனுக்குக் காட்டிவிடக்கூடாதே என்ற ரோஷத்தில் குரலை உயர்த்தினாள். "நல்லா இருங்க. அந்த விதியையே கட்டிக்கிட்டு அழுங்க!"

திரும்பி நடந்தாள். பின்னால் நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. கூப்பிடுவான் என்று ஒரு நொடி மெதுவாக நடந்தாள். கூப்பிடவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து மன்றம் கூடியது. எழுபது பேர் நிறைந்த கூடம். ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் மூன்று நிமிடம், முடிந்தால் மணி. முன் வரிசையில் அப்பா, நர்ஸ், டீச்சர், அறிவிப்பாளர். அவனைக் காணோம்.

அவள் முறை வந்தது.

"நான் தினமும் ரத்தத்தோடதான் வேலை பாக்கறேன்," என்று மைக்கில் ஆரம்பித்தாள். "யாருக்கு என்ன வகை, யாருக்கு யாரு தரலாம், எல்லாம் அதுல தெரியும். ஆனா போன வருஷம் எங்கப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தப்ப, நான் வேலையில இருந்தேன். கூட ஓடினது இந்த மூணு பேர்தான். அது எந்தச் சோதனையிலயும் தெரியாதுங்க. இதுல யாரைப் போகச் சொல்லட்டும்னு நீங்களே சொல்லிடுங்க. என்னால முடியாது."

மணி அடிக்கவில்லை. தலைவர் அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆனால் மீசைக்கார உறுப்பினர் ஒருவர் கையைத் தூக்கினார்.

"முதல்ல பார்த்த ஆய்வாளர் ஏன் நடுவில விலகினாரு? காரணத்தைப் படிங்க."

எழுத்தர் காகிதத்தை எடுத்தார். கொஞ்ச நேரத்துக்கு முன் சாக்கடை மூடி பற்றிய தீர்மானத்தை வாசித்த அதே குரலில் வாசித்தார்.

"'விண்ணப்பதாரரை எனக்குப் பிடித்திருக்கிறது. இது அவருக்குத் தெரியாது. மூன்றாவது ஆய்வுக்கு அவசியமே இருக்கவில்லை. அவரைப் பார்க்கவே சென்றேன். எனவே இக்கோப்பைக் கையாளும் தகுதி எனக்கு இல்லை.'"

கூடத்தில் எங்கோ ஆரம்பித்த சிரிப்பு சுவர் வரை போய்த் திரும்பியது. அவளுக்குத் தரை காலடியில் இருக்கிறதா என்றே தெரியவில்லை. நழுவவில்லையா அவன்? அவளைத் திட்டவிட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு நின்றானே... அதற்கு இதுவா காரணம்?

"அப்ப இது சிக்கலான ஃபைல்," என்றார் மீசை. "ஏம்மா, உங்களுக்கும் அவர்மேல அப்படி ஏதாவது உண்டா? உண்டுன்னா ரெண்டு பேரும் பேசிவெச்சு எழுதினதுன்னு ஆகும். விண்ணப்பத்தைத் தள்ளிடணும்னு நான் சொல்வேன்."

நர்ஸ் அக்கா 'இல்லைன்னு சொல்லு' என்று தலையை ஆட்டினாள். டீச்சர் இரண்டு கையையும் ஆட்டினாள். ஒரே ஒரு 'இல்லை'. மூன்று பேரும் வீட்டில் இருப்பார்கள், அப்பா சண்டை போட்டுக்கொண்டே இருப்பார்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் எந்தச் சைகையும் செய்யவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உண்டுங்க," என்றாள் அவள்.

அறிவிப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஆனா பேசிவெச்சு எதுவும் எழுதலை. அவர் என்னோட பேசவே இல்லை."

மீசை ஏதோ சொல்ல வாயெடுத்தார். தலைவர் அம்மா இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ரெண்டு பேர் அளந்ததும் இம்மி பிசகாம ஒண்ணா இருக்கு. அதோட, பிடிச்ச பொண்ணு வீட்டுலயே எட்டு சென்டிமீட்டர் குறையுதுன்னு எழுதின மனுஷன் இவர். இவரைப் போய்ச் சந்தேகப்பட்டா நாம யாரைத்தான் நம்புறது? ஓட்டுக்கு விடலாம்."

கைகள் உயர்ந்தன. ஆதரவாக ஐந்து, எதிராக நான்கு. மூன்று மாதத்துக்குள் ஜன்னலைப் பெரிதாக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு விலக்குக் கிடைத்தது. நர்ஸ் அக்கா டீச்சரைக் கட்டிக்கொண்டாள். அப்பா மீசைக்காரரோடு சண்டைக்குப் போகப் பார்த்தார், அறிவிப்பாளர் பிடித்து உட்காரவைத்தாள்.

அவள் வெளியே ஓடினாள்.

கூடத்துக்கு வெளியே, நீளமான தாழ்வாரத்தின் கடைசி பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்தான். விலகியவர்கள் உள்ளே வரக்கூடாதாம். அதுவும் விதி. வெளியே மழை பிடித்திருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்தான்.

"என்னாச்சுங்க? கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"அப்பாடா..." என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். அவனுக்கே வீடு கிடைத்த மாதிரி ஒரு சந்தோஷம் முகத்தில்.

"நீங்க எழுதின காரணத்தை வாசிச்சாங்க."

கை அப்படியே நின்றது. "எதை... முழுசாவா?"

"முழுசா. மைக்ல. எழுபது பேர் கேட்டாங்க. எங்கப்பாவும் சேர்த்து."

அவன் தொப்பென்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். "அது ஃபைலுக்குள்ளயே இருக்கும்னு நினைச்சேங்க... உங்களைச் சங்கடப்படுத்திட்டேன். சத்தியமா நான்..."

"என்னையும் கேட்டாங்க."

அவன் நிமிர்ந்தான். "என்ன கேட்டாங்க?"

"எனக்கும் அப்படி உண்டான்னு."

"நீங்க... என்ன சொன்னீங்க?"

"உள்ள போய் யாரை வேணா கேளுங்க. இப்ப ஊருக்கே தெரியும்."

"எனக்குத்தானேங்க தெரியலை," என்றான். அந்தக் கண்களில் முதல் தடவையாக ஓர் அவசரம்.

கிண்டலாகவே முடித்துவிடலாம் என்றுதான் அவள் நினைத்தாள். உதடு கேட்கவில்லை.

"பன்னிரண்டு நாளா உங்களைத் திட்டிக்கிட்டே இருந்தேன்," என்றாள். "வேலையில திட்டினேன், பஸ்ல திட்டினேன். திட்டித் திட்டி ஓஞ்சதும் அழுதேன். நீங்க திரும்ப வரவே மாட்டீங்களோன்னு பயந்துட்டேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குங்க... ரொம்பப் பிடிச்சிருக்கு."