உடைந்த எட்டு முட்டைகள்

2019 ஜூன் 14, வெள்ளிக்கிழமை. கேரளத்தின் குட்டநாட்டில் ஓர் ஆற்றோரப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பில் மனக்கணக்கு நடந்தது.

"கூடையில முப்பத்தாறு வாத்து முட்டை. படகு ஆடினதுல எட்டு உடைஞ்சுபோச்சு. மிச்சத்தை நாலு பேருக்குப் பங்கு போட்டா ஆளுக்கு எத்தனை?" என்றார் லிசம்மா டீச்சர்.

ஆன்மரியா எட்டைப் பிடிப்பதற்குள் முப்பத்தாறு நழுவிவிட்டது. பக்கத்தில் இருந்த ரிஸ்வானாவின் சிலேட்டைப் பார்த்து ஒன்பது என்று எழுதினாள்.

டீச்சர் கைதட்டினார். எல்லாச் சிலேட்டுகளும் மேலே எழுந்தன.

"எல்லாருக்கும் ஏழு. உங்க ரெண்டு பேருக்கு மட்டும் ஒன்பதா? உடைஞ்சதை ஆம்லெட் போட்டுப் பங்கு வச்சீங்களோ?"

வகுப்பு சிரித்தது.

"ரிஸ்வானா, பார்த்து எழுதினியா? ஒண்ணாம் வகுப்புல ஆன்மரியாதான் முதல்ல சிலேட்டைத் தூக்குவா. அவளே இன்னிக்கு ஏமாந்துட்டா."

ரிஸ்வானா தோழியை ஒருமுறை பார்த்தாள். சிலேட்டைக் கீழே வைத்தாள்.

ஆன்மரியாவுக்குக் காது மடல் சுட்டது. ரத்தப் புற்றுநோய்க்கு நீண்டநாள் மருந்து எடுத்து, இந்த ஜூனில்தான் பள்ளிக்குத் திரும்பியிருந்தாள். "மருந்து நோயைப் போக்கிடுச்சு. ஆனா யோசிக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். பள்ளிக்கூடத்துல சொல்லிடுங்க" என்று அவள் அம்மாவிடம் டாக்டர் சொல்லியிருந்தார். 'யார்கிட்டயும் சொல்லாதேம்மா' என்று அழுதவள் ஆன்மரியாதான். அம்மாவும் ஊருக்கெல்லாம் அப்பம் சுட்டுக் கொடுத்து, "எல்லாம் சரியாயிடுச்சு" என்று மட்டும் சொன்னாள்.

ஆன்மரியா எழுந்தாள். தலை நிமிரவில்லை.

"டீச்சர், பார்த்து எழுதினது நான்தான்."



"கணக்கு தெரியும் டீச்சர். நீங்க சொல்லச் சொல்ல, முன்னாடி சொன்னது மறந்துடுது. அந்த மருந்தாலதான். நம்பரை மட்டும் போர்டுல எழுதறீங்களா? கைதட்டறதுக்கு முன்னாடி கொஞ்சம் பொறுத்துக்கிறீங்களா?"

 டீச்சர் சாக்பீஸை எடுத்தார். "முன்னாடியே கேட்டிருக்கலாமே, மோளே. ரிஸ்வானா, உன்மேல பழி போட்டுட்டேன். மன்னிச்சுக்கோ."

"டீச்சர், எனக்கும் மறக்குது!" என்றான் பின்பெஞ்சு ஜெரின்.

"உனக்குச் சோத்துப் பொட்டலம் மட்டும் மறக்காது. உட்காருடா!"

உட்கார்ந்ததும் ஆன்மரியா, "என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாமே?" என்று மெல்லக் கேட்டாள்.

"நீயே சொல்லுவேன்னு பார்த்தேன். ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டே" என்றாள் ரிஸ்வானா.

அடுத்த வெள்ளிக்கிழமை போர்டில் எண்கள் இருந்தன. பத்துக் கணக்கில் ஆன்மரியாவுக்கு ஏழு சரி, மூன்று தப்பு. மூன்றும் அவளுடைய சொந்தத் தப்புகள்.