நாலே முக்கால் வரை ஒரு கிளாரினெட்

டெலிபோன் அலறியது!

உதட்டில் கவ்வியிருந்த குட்டித் திருகாணியைத் துப்பிவிட்டு ரிசீவரை எடுத்தாள் கிளாரினெட் ரிப்பேர் கடைக்காரி.

"அக்கா... நான் கொலை பண்ணலைக்கா!"

தம்பி! ராத்திரி வீட்டுக்கு வராதவன். சினிமாவுக்குப் போய்த் தொலைந்திருப்பான் என்று காலை வரை திட்டிக்கொண்டிருந்தாள்.

"டேய், என்னடா உளர்றே?"

"நேத்து அஞ்சு மணிக்கு ரிப்பேருக்கு கிளாரினெட் வாங்கிட்டு வரச் சொன்னியே... அந்தப் பெரியவர் செத்துட்டாருக்கா! நான்தான் கொன்னேன்னு..."

ரிசீவர் கை மாறியது.

"இன்ஸ்பெக்டர் பேசறேன். உங்க தம்பி பையில ஒரு கிளாரினெட் இருந்துச்சு. பெரியவரோட ஒரிஜினல் அதுதானான்னு பார்த்துச் சொல்ல இங்க உங்களை விட்டா ஆள் இல்லையாம். அரைமணியில வர்றேன். பொய் சொன்னா நீங்களும் உள்ளே!"

அம்மா போன பிறகு அவள் சோறூட்டி வளர்த்த பிள்ளை அவன்.

சொன்னபடியே ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டரோடு இறங்கியவர் பெரியவரின் செகரட்டரி. இஸ்திரி கலையாத சட்டை... கையில் ஒரு ஃபைல்... இருபது வருஷ விசுவாசம்!

"சார், என் தம்பிக்கு விசிலே ஒழுங்கா வராது. அவன் எதுக்கு சார் இதைத் திருடப் போறான்?"

"கதை வேண்டாம்மா. பக்கத்து வீட்டம்மா நேத்து நாலு மணியிலேர்ந்து நாலே முக்கால் வரைக்கும் மாடியில கிளாரினெட் சத்தம் கேட்டிருக்காங்க. அதாவது, அதுவரைக்கும் பெரியவர் உயிரோட இருந்திருக்கார். அஞ்சு மணிக்கு உங்க தம்பி உள்ளே போறான். அஞ்சு பத்துக்குப் பையோட வெளியே வர்றான். ஆறு மணிக்கு இவர் திரும்பி வந்து பார்த்தா பொணம்!"

"அவன் என்ன சொல்றான்?"

"கதவு திறந்திருந்துச்சாம். கூப்பிட்டா பதில் இல்லையாம். ஹால் மேஜையில பெட்டி, மேல 'ரிப்பேருக்கு'ன்னு ஒரு சீட்டு. சீட்டை அங்கேயே விட்டுட்டு, பெட்டியை எடுத்துட்டு வந்துட்டானாம். சீட்டைக் காணோமே!"

"அந்த வீட்ல வேற யாரும் வாசிக்க மாட்டாங்களா?"

செகரட்டரி பெருமூச்சு விட்டார். "அவரும் நானும்தான்மா அந்த வீட்ல. எனக்கு இதை எந்தப் பக்கம் ஊதணும்னே தெரியாது. அஞ்சு மணிக்கு நான் பல் டாக்டர் முன்னாடி வாயைத் திறந்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்."

அவள் பெட்டியைத் திறந்தாள். கறுத்த மரத்தில் கழற்றி வைத்த ஐந்து துண்டுகள். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். மேல் பாதியிலும் கீழ்ப் பாதியிலும் ஒரே நம்பர். போலி என்றால் இரண்டு உடைந்த கிளாரினெட்டுகளை ஒட்டுப் போட்டிருப்பார்கள். இது நூற்றிருபது வருஷத்து அசல்!

"நம்பரைப் பார்க்கறீங்களா? பில்லுலயும் அதேதான், இங்கே பாருங்கம்மா." செகரட்டரி ஃபைலைப் புரட்டி விரலை வைத்தார்.

அவள் நம்பரைப் பார்க்கவில்லை. விரலைப் பார்த்தாள்!

வலது கட்டை விரல்... பக்கவாட்டில்... ஒரு காய்ப்பு!

அவளுக்கும் அதே இடத்தில் உண்டு. கிளாரினெட்டின் பாரம் முழுவதையும் தாங்குவது அந்த விரல்தான். ஆனால் கேட்டால் தோட்ட வேலை என்பார். காய்ப்பை நம்பி எந்த இன்ஸ்பெக்டர் கைது செய்வார்?

ஒரே ஒரு வழிதான் இருந்தது.

"சார், கடைசியா ஒரு டெஸ்ட். ரெண்டு பாதியையும் சேர்த்துப் பார்க்கணும். எனக்குக் கை நடுங்குது. நீங்களே மாட்டுங்க."

"எப்படிம்மா?"

"நட்டு முறுக்கற மாதிரி. நல்லா அழுத்தி!"

இன்ஸ்பெக்டர் லத்தியைப் பிடிப்பதுபோல் பிடித்தார். முறுக்கினார்.

க்ரீச்...!

இரண்டு பாதிகளையும் இணைக்கும் 'பாலம்' என்கிற மெல்லிய நெம்புகோல் உரசியது. இன்னும் அரை அங்குலம் திருகினால் போதும், நூற்றிருபது வருஷம் பிழைத்தது வளைந்துவிடும். அவள் பல்லைக் கடித்தாள். கத்தக் கூடாது... கத்தவே கூடாது...

"ஐயோ!"

கத்தியது செகரட்டரி!

"வளையத்தை அமுக்கிப் பிடிங்க சார்! பாலம் வளைஞ்சிடும்!"

பாய்ந்து பிடுங்கினார். இடது கை மேல் பாதியில் விரல் துளையைச் சுற்றிய வளையத்தை அமுக்க, பாலம் எழும்பியது. வலது கை அரைத் திருகு திருகியது. க்ளிக்! கட்டை விரல் தானாகப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தது.

"எந்தப் பக்கம் ஊதணும்னே தெரியாதுன்னீங்க?" என்றாள் அவள்.

செகரட்டரி அவசரமாகக் கட்டை விரலை இழுத்துக்கொண்டார்.

"சார்! நாலு மணிக்கே பெரியவரைக் கொன்னுட்டு, அவர் உயிரோட இருக்கற மாதிரி நாலே முக்கால் வரைக்கும் வாசிச்சது இந்த ஆளு! அஞ்சு மணிக்கு என் தம்பி வருவான்னு தெரிஞ்சே பெட்டியையும் சீட்டையும் வெச்சு அவன் தலையில கட்டிட்டு, பல் டாக்டர்கிட்ட ஓடியிருக்கான்! திரும்பி வந்து சீட்டையும் கிழிச்சிருப்பான்!"

செகரட்டரி வாசலுக்குப் பாய்ந்தார். இன்ஸ்பெக்டர் காலை நீட்டினார். தடால்!

விழுந்தவர், கிளாரினெட்டை மட்டும் மார்போடு அணைத்துத் தரையில் படாமல் காப்பாற்றியிருந்தார்.

"அவர் வெளியூர் போறப்பல்லாம் வாசிப்பேன்..." விசும்பினார். "நேத்து நான் வாயில வைக்கறப்பவே திரும்பி வந்துட்டார். வேலைக்காரன் எச்சில் என் கிளாரினெட்லயான்னு கேட்டார்..."

விலங்கு பூட்டிய இன்ஸ்பெக்டர் நெற்றியைத் துடைத்தார். "ஏம்மா, இவன் கத்தாம இருந்திருந்தா?"

"வளைஞ்சதை நிமிர்த்திடுவேன் சார். அதுதான் என் பிழைப்பு. தம்பியை..." அவளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"சரி சரி, அழாதீங்க. ரிப்போர்ட்ல என்ன எழுதட்டும்? ஒரிஜினலா, டூப்ளிகேட்டா?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள்.

"கிளாரினெட் ஒரிஜினல்தான் சார்... நீங்க லாக்கப்ல வெச்சிருக்கற கொலைகாரன்தான் டூப்ளிகேட்!"