பாரில் கிடந்த வள்ளமும் ஒரு ரப்பர் வளையமும்

"உங்கப்பன் என் வள்ளத்தை முழுகடிச்சானா, வித்துத் தின்னானா?"

மீன் ஏலம் நடக்கிற இடத்தில், அத்தனை பேர் நடுவில் வைத்து தொபியாஸ் முதலாளி ஜெனோவாவிடம் கேட்டது இது. அவள் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். நாலு பேர் முன்னால் நின்றாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் தலையைக் குனியவில்லை. முதலாளி பார்வையை எடுக்கும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவளுடைய அப்பா லூர்து, முதலாளியின் வள்ளத்தை ஓட்டிப் போனவர். தீவுக்கு அப்பால் கடலுக்கடியில் கிடக்கும் பவளப் பாறைத் திட்டான பாரில் வள்ளம் மோதி மூழ்கியது. அவர் நீந்திக் கரை சேர்ந்தார். முதலாளி அதை நம்பவில்லை. அக்கரையில் விற்றுவிட்டு நாடகமாடுகிறான் என்றார். ஞாயிறு பூசை முடிந்ததும் ஊர்க் கூட்டம் தீர்ப்புச் சொல்லும். அதற்குள் சாட்சி கிடைக்காவிட்டால் லூர்து இனி எந்தப் படகிலும் கால் வைக்க முடியாது.

"நான் முழுகிப் பாத்துட்டு வந்து கூட்டத்துல சொல்றேன்" என்றான் ரோச். ஜெனோவாவின் அத்தை மகன், சங்கு குளிக்கிறவன்.

"நீ சொந்தக்காரன் மச்சான். உன் சாட்சி செல்லாதுன்னுருவாங்க. பலகையைப் பேத்துட்டு வந்தா, எந்த வள்ளத்துப் பலகைம்பாங்க. படம் வேணும். வள்ளமும் நம்பரும் தெரியுற படம்" என்றாள் ஜெனோவா.

படம் எடுக்கும் கருவி முனீஸ்வரி அக்காவிடம் இருந்தது. ஜெனோவாவும் அவளும் ஒன்றாகப் பாசி எடுக்கப் போகிறவர்கள்; விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முழுகி, பாறையில் வளரும் பாசியைப் பறித்து வருவார்கள். பவளம் பற்றிப் படிக்க வந்த ஒரு மாணவி, திரும்பிப் போகும்போது தன் பழைய கேமராவையும், அதை வைத்துக் கடலுக்குள் கொண்டுபோகும் பிளாஸ்டிக் பெட்டியையும் அக்காவிடமே விட்டுப் போயிருந்தாள். கேமரா உள்ளங்கைக்குள் அடங்கும். பெட்டி கண்ணாடி போல் தெளிவாக இருக்கும். பெட்டியின் விளிம்பைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம். தண்ணீரைத் தடுப்பது அந்த ஒன்றுதான்.

முதலில் கேமரா இல்லாமல் வெறும் பெட்டியை முழுக்கிப் பார்ப்பது என்று முடிவானது. வேலையை ரோச் ஏற்றுக்கொண்டான். படகுக்காரனுக்கு எதற்கும் ஒரே வைத்தியம்தான்: கிரீஸ். இன்ஜினுக்குப் போடுகிற கிரீஸை வளையத்தில் அப்பு அப்பென்று அப்பினான்.

"இனி எறும்புகூட நுழையாது" என்றான்.

உள்ளே ஒரு துண்டுச் செய்தித்தாளை வைத்து மூடி, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினார்கள். எடுத்துப் பார்த்தால் தாள் சொதசொதவென்று இருந்தது.

"எறும்பு நுழையல. தொட்டியே நுழைஞ்சிருக்கு" என்றாள் முனீஸ்வரி.

ஜெனோவா வளையத்தைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். அப்பிய கிரீஸில் மணல் ஒட்டியிருந்தது. ஒரு தலைமுடி குறுக்கே கிடந்தது. அந்த முடியின் வழியாகத்தான் தண்ணீர் ஏறியிருக்கிறது. அவள் எல்லாவற்றையும் கழுவி, பெட்டியோடு வந்திருந்த சின்னக் குழாயிலிருந்து அரிசிமணி அளவு பசையை எடுத்து, வளையம் லேசாக மினுங்கும்படி மட்டும் தடவினாள். மணல் மிச்சமிருக்கிறதா என்று விரலால் தடவினாள்; ஒன்றும் தெரியவில்லை. பாசி பறித்துப் பறித்துக் காய்த்துப் போன விரல் அது. கொஞ்சம் யோசித்தாள். வளையத்தைக் கீழுதட்டில் வைத்து மெல்ல இழுத்தாள். நறுக்கென்று ஒரு மணல்துகள் தட்டுப்பட்டது.

"ஏ புள்ள, அதைத் தின்னுறாத" என்றான் ரோச்.

அந்தத் துகளையும் துடைத்தெடுத்துவிட்டு மூடியதில், இந்த முறை தாள் காய்ந்தபடியே வந்தது.

அடுத்து கேமராவை வைத்துப் பார்த்தார்கள். கை தவறாமல் இருக்கட்டும் என்று அதில் தொங்கிய கயிற்றை முனீஸ்வரி விட்டுவைக்கச் சொன்னாள். "இது விளிம்புல மாட்டுனா முடிக்கு அண்ணன்க்கா" என்று ஜெனோவா அதைக் கழற்றி எறிந்தாள். மூடிய பெட்டியை ஐஸ் போட்ட தண்ணீரில் இறக்கினார்கள். சொட்டுகூடப் புகவில்லை. ஆனால் உள்பக்கம் வெள்ளையாகப் பனிமூட்டம் படர்ந்தது.

ஜெனோவாவுக்குக் காரணம் புரிந்தது. கடற்கரைக் காற்றின் ஈரம் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. குளிர்ந்ததும் வேர்க்கிறது. காய்ந்த காற்று இருக்கும் இடத்தில் மூட வேண்டும். இந்த ஊரில் அப்படி ஓர் இடம் உண்டா?

உண்டு. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், எந்நேரமும் ஏசி ஓடும் ஏடிஎம் அறை.

மறுநாள் விடிந்ததும் மூவரும் அங்கே போய்த் தரையில் உட்கார்ந்தார்கள். செருப்புக் கடையில் கேட்டு வாங்கிய ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றைக் கேமராவுக்குக் கீழே, வளையத்தில் படாமல் செருகினாள் ஜெனோவா. காவலாளி எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, பணம் எடுக்கலியா?"

"இல்லண்ணே, காத்து எடுக்க வந்தோம்" என்றாள் முனீஸ்வரி.

பெட்டியை மூடினாள்; தாழ் 'டக்'கென்று விழுந்தது. அடுத்த அரை மணியில் படகு கிளம்பியது. தென்காற்று ஏறத் தொடங்கியிருந்தது. நாளைக்குக் கடல் கலங்கிவிடும். இன்றைக்கு விட்டால் இல்லை.

கலங்கரை விளக்கமும் கோயில் கோபுரமும் ஒரே கோட்டில் வரும்வரை போ, அங்கிருந்து தீவின் ஒற்றைப் பனை பாலத்தின் முனையை மறைக்கும்வரை திரும்பு என்று அப்பா அடையாளம் சொல்லியிருந்தார். ரோச் அப்படியே ஓட்டினான். பனை பாலத்தை மறைத்த இடத்தில் நங்கூரம் போட்டபோது, பின்னால் இன்னொரு இன்ஜின் சத்தம். தொபியாஸ் முதலாளியே வந்துவிட்டார். படகை ஒட்டி நிறுத்தினார்.

"அந்தப் பெட்டியத் திற. முன்னாடியே எங்கயோ எடுத்த படத்தை வச்சு ஊரை ஏமாத்தப் போறீங்க. நான் பாக்கணும்."

"திறந்து காட்டிரு புள்ள. வம்பு எதுக்கு?" என்று ரோச் முணுமுணுத்தான்.

"கரையில மூடுனது கரையிலதான் திறக்கும்" என்றாள் ஜெனோவா. தன் குரல் அத்தனை சத்தமாக வரும் என்று அவளே நினைக்கவில்லை. பெட்டியின் பின்பக்கத்தை அவர் பக்கம் திருப்பி, வெளியிலிருந்தே பொத்தானை அமுக்கினாள். தெளிந்த பெட்டிக்குள் கேமராவின் திரை எரிந்தது. "நல்லாப் பாத்துக்கிருங்க மொதலாளி. ஒரு படமும் இல்ல."

அவர் பார்த்தார். ஆனாலும் ஈரக் கையை நீட்டித் தாழைப் பிடிக்க வந்தார். விரல் பெட்டியில் படுவதற்குள் ஜெனோவா பெட்டியோடு கடலில் பாய்ந்தாள்.

கீழே போகப் போகத் தண்ணீர் குளிர்ந்தது. பெட்டி தெளிவாகவே இருந்தது. பாரின் பிளவில், ஒருச்சாய்ந்து, வள்ளம் கிடந்தது! அப்பா சொன்ன அதே இடம். வள்ளத்தின் முன்பக்கமான அணியத்தில், நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் பச்சைப் பாசி மூடியிருந்தது. அது அவளுக்குத் தெரிந்த வேலை. துணி சுற்றிய விரல்களால் வழித்தாள். சேறு கிளம்பிக் கண்ணை மறைத்தது. மூச்சு முட்டியது. மேலே வந்து, காற்றை இழுத்துக்கொண்டு, மறுபடி இறங்கினாள்.

சேறு படிந்திருந்தது. லென்சுக்கு முன்னால் ஒட்டியிருந்த குமிழிகளைத் துடைத்தாள். வள்ளம் முழுவதும் தெரிய ஒரு படம். நம்பர் மட்டும் ஒன்று. பாரின் பிளவோடு சேர்த்து இன்னொன்று. காது விண்ணென்று வலித்தது. போதும் என்று தோன்றவில்லை. இன்னும் ஒன்று எடுத்தாள். பிறகுதான் காலை உதைத்தாள்.

கரையில் ரோச் பெட்டியைப் பிடுங்கித் திறக்கப் பரபரத்தான். அவள் கொடுக்கவில்லை. நல்ல தண்ணீர் வாளியில் ஊறவைத்தாள். துடைத்தாள். ஈரத் தலையைத் துணியால் இறுக்கிக் கட்டினாள். பெட்டியைக் குப்புறப் பிடித்து, உப்புத் துளி உள்ளே விழாதபடி மெல்லத் திறந்தாள். கேமரா, ஏடிஎம் அறையில் வைத்தபடியே காய்ந்திருந்தது.

"உண்மையா இருந்தாலும் தண்ணி படாமக் கொண்டாந்து சேக்கணும்ல" என்றாள் முனீஸ்வரி, தனக்குள் சொல்வது போல.

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கோயில் வாசலில் கூட்டம் கூடியது. கூட்டத்தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேமராவின் திரையைப் பெரிதாக்கினார். நம்பரை உரக்கப் படித்தார். பிறகு கேமராவைச் சுற்றுக்கு விட்டார். அது கை மாறி மாறிப் போனது. லூர்து யாரையும் பார்க்காமல் மணலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லூர்து, காத்து இறங்குனதும் கடலுக்குப் போப்பா" என்றார் தலைவர்.

அப்பாவின் தோள் குலுங்கியது. ஜெனோவா அவர் பக்கத்தில் போய் நின்றாள். கேமரா கடைசியாகத் தொபியாஸ் முதலாளியிடம் வந்தது. அவர் அதை வெகுநேரம் பார்த்தார். எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் கேமராவை ஜெனோவாவின் கையில் வைத்தார். எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். விலகி வழிவிட்ட கூட்டத்தின் நடுவே நடந்து போனார்.