வாய்க்குச் சிவப்பு, வாலுக்குப் பச்சை

யோகேஸ்வரிக்குக் கண் பூத்துப்போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகக் காலையிலிருந்து மௌஸும் கையுமாக இருந்தால் பின்னே எப்படி இருக்கும்?

மீனுக்கு வாய் எது, வால் எது என்று கணினிக்குக் கற்றுக்கொடுப்பதுதான் அவளுடைய கல்லூரி புராஜெக்ட். ஒவ்வொரு படத்திலும் முதலில் வாயில் ஒரு கிளிக். சிவப்புப் புள்ளி விழும். அடுத்து வாலில் ஒரு கிளிக், பச்சைப் புள்ளி. மொத்தம் முந்நூறு படங்கள், எல்லாம் அம்மா மீன் விற்கும் இடத்தில் எடுத்தவை. நாளைக் காலையில் செங்கல்பட்டில் கல்லூரிக்கு எடுத்துப்போய்க் காட்ட வேண்டும்.

ஒரு வழியாக முடித்துவிட்டு, புதுப் படம் ஒன்றைத் திறந்து கணினியையே புள்ளி வைக்கச் சொன்னாள்.

ஐந்தாம் வகுப்பு படிக்கும் தங்கை அன்பரசி எட்டிப் பார்த்தாள். கானாங்கெளுத்தியின் வாலில் சிவப்புப் புள்ளி உட்கார்ந்திருந்தது.

"இன்னாக்கா, இந்த மீனு வாலால துன்னுமா?"

அக்கா சிரிக்கவில்லை. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"எங்கியோ தப்பா வச்சிக்கிறேன். கை அது பாட்டுக்கு இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணுன்னு போய்கினே இருந்துச்சு. இனிமே முந்நூறையும் எவ பாக்கறது? என்னால ஆவாதுடி."

அன்பரசிக்குப் பாவமாக இருந்தது. திரையையே பார்த்தாள். மீன் கிடந்தது ஒரு ரோஸ் கலர் தட்டில்.

"அக்கா, இது சரோஜாக்கா தட்டாச்சே."

"ஆமா. அதுக்கு இன்னா இப்போ?"

"நெம்மேலி ரோட்டுல அம்மாவும் கூட விக்கிற மத்தவங்களும் மீனு அடுக்குனா தலை இடது பக்கம் வரும். சரோஜாக்கா இடது கைக்காரங்க. அவங்க மட்டும் மாத்தி அடுக்குவாங்க. அம்மா கூட கிண்டல் பண்ணும்."

அக்கா மெல்ல நிமிர்ந்தாள். அம்மாவும் மற்றவர்களும் விரிக்கும் நீலத் தார்ப்பாயில் எடுத்த படங்களைப் புரட்டினாள், எல்லாம் சரி. ரோஸ் தட்டுப் படங்களில்தான் அத்தனை மீனுக்கும் வாலில் சிவப்பு. எண்ணினாள். நாற்பத்திரண்டு.

"நாப்பத்திரெண்டுதானா?" என்றாள். அதற்கும் அவள் கை எழவில்லை.

"நீ போய்ப் படு. நான் வைக்கிறேன். வாயி எது, வாலு எதுன்னு எனக்குத் தெரியாதா?"

"எல்லாம் வச்சிட்டு இந்தப் பட்டனை அமுக்கு. மறுபடி மொதல்லேர்ந்து கத்துக்கும்," என்று சொல்லி அக்கா பாயில் சாய்ந்தாள்.

முப்பதாவது மீனுக்கே அன்பரசியின் விரல் கடுத்தது. ஆனாலும் விடவில்லை. கடைசி மீனும் முடிந்ததும் பட்டனை அமுக்கிக் காத்திருந்தாள். பிறகு அதே கானாங்கெளுத்தியைத் திறந்தாள்.

சிவப்பு, சரியாக வாயில்.

"அக்கா!" என்று திரும்பினாள். அக்கா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். அன்பரசி அவளை எழுப்பவில்லை. நொந்த விரலை மடக்கிக்கொண்டு, பாயில் மிச்சமிருந்த இடத்தில் தானும் படுத்துக்கொண்டாள்.