கொடிக்காலில் இன்னொரு கிடார்

நாச்சிமுத்து கம்பிகளிலிருந்து கையை எடுத்த பிறகு, இன்னொரு தரம் ‘டிங்’ என்று கேட்டது.

ஒரே ஒரு கம்பி. ஆறில் மெல்லியது, கடைசிக் கம்பி. அவர் மடியில் கிடந்த கிடாரைக் குனிந்து பார்த்தார். ஆறு கம்பிகளும் அசையாமல்தான் இருந்தன. எதிரொலியாக இருக்கும் என்று நினைத்தார். நினைத்த கையோடு அது தப்பு என்றும் தெரிந்துவிட்டது. வெற்றிலைக் கொடிக்காலில் எதிரொலி ஏது? இரண்டு ஆள் உயரத்துக்கு நெருக்கி வளர்ந்த அகத்தி மரங்கள், அவற்றை அடியிலிருந்து நுனிவரை சுற்றிக்கொண்டு ஏறிய கொடிகள், கால் வைக்கும் இடமெல்லாம் வாய்க்கால் தண்ணீர் ஊறிய ஈரம். பகல் பன்னிரண்டு மணிக்கும் அதற்குள் விளக்கு வைக்கும் நேரத்து வெளிச்சம்தான் இருக்கும். வெற்றிலையின் காரமும் சேற்று வாடையும் சேர்ந்து மூக்கிலேயே நிற்கும். கத்திப் பேசினாலும் நாலு வரிசைக்கு அப்பால் வார்த்தை போகாது.

அதற்காகத்தானே அவர் அந்த இடத்தைப் பிடித்தார். பரமத்தி வேலூரில் ஐம்பதை எட்டும் மனிதர் எதற்காவது ஆசைப்படலாம் என்றால் அது கோயில் கமிட்டித் தலைவர் பதவிக்குத்தான். கிடாருக்கு ஆசைப்பட்டால் ஊர் சிரிக்கும். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

சேலத்தில் கல்லூரி படித்த காலத்தில், விடுதியில் கூட இருந்த ஒரு ரயில்வேக்காரர் மகனிடம் கற்றுக்கொண்டது. இரண்டு வருடம் கல்யாணக் கச்சேரிகளில் வாசித்தார். அப்பா படுக்கையில் விழுந்ததும் ஊருக்கு வந்து கொடிக்காலில் இறங்கினார். கிடார் பரணில் ஏறியது. இருபத்து நாலு வருடம் அங்கேயே கிடந்தது. மகளைச் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் கட்டிக்கொடுத்து வீடு வெறிச்சென்று ஆன பிறகு, எண்பத்து நாலாம் வருடம் தை மாதத்தில்தான் அதை இறக்கித் தூசி தட்டிப் புதுக் கம்பி மாட்டினார். வெற்றிலை அடுக்கும் கொட்டகையில் மத்தியானம் ஆட்கள் போன பிறகு ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மற்ற இருபத்து மூன்று மணி நேரத்தையும் அவர் பொறுத்துக்கொண்டார் என்று சொன்னால் மிகையில்லை. விரல் நுனிகள் கொப்புளித்துப் பிறகு காய்த்துப் போனதை, பிள்ளைக்குப் பல் முளைத்ததைப் பார்ப்பதுபோலத் தடவித் தடவிப் பார்த்துக்கொள்வார்.

மனைவி வசந்தாமணி அவர் வாசித்து ஒரு நாளும் கேட்டதில்லை. அவள் வருவதற்குள் கிடார் பரணேறிவிட்டது.

“எனக்கு எப்பங்க வாசிச்சுக் காட்டுவீங்க?”

“ஒரே ஒருக்கா தப்பில்லாம வரட்டும் புள்ள. அப்பறம் மொத ஆளா உனக்குத்தான்.”

“தப்பா வாசிச்சா எனக்குத் தெரிஞ்சுரப் போகுதாக்கும்! நீங்க கூப்புடுங்க, நான் வந்து குந்திக்கறேன்” என்று சிரித்தாள்.

அவளுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியுமே. கல்லூரி நாளில் அவரே கட்டிய ஒரு மெட்டு அது. நடுவில் ஓர் இடத்தில் சுண்டு விரல் நீண்டு எட்டிப் பிடிக்க வேண்டும். இருபது வயதில் எட்டிய விரல் இப்போது அரை அங்குலம் முன்னாலேயே விழுந்தது. பாட்டுக்குப் பதில் ‘டக்’ என்று ஓர் ஊமைச் சத்தம். ஒவ்வொரு நாளும் அதே இடம், அதே ‘டக்’. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “சே” என்று தலையில் அடித்துக்கொள்வார்.

கொடிக்காலில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அகத்திக் கிளை கழிப்பதற்கு முன்னால் மரத்தின் மேலே நிற்கிறவன் “ஓ...ய்” என்று குரல் கொடுப்பான். உள்ளே எந்த வரிசையில் எவன் குனிந்திருக்கிறானோ, அவன் உடனே பதில் குரல் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் அரிவாளும் கிளையும் தலையில் வந்து இறங்கும். அதனால் சத்தம் கேட்டால் யோசிக்காமல் பதில் சொல்வது அங்கே ரத்தத்தில் ஊறியது. கல்யாணத்துக்கு முன்பே கொடிக்கால் வீட்டில் வளர்ந்த வசந்தாமணியும் அப்படித்தான். அடுப்படியில் இருக்கும்போது யார் கூப்பிட்டாலும் குரல் முதலில் போகும், ஆள் பின்னால் வரும்.

அன்றைக்கு நாச்சிமுத்துவும் அதைத்தான் செய்தார். ‘டிங்’ என்று கேட்டது. அவர் விரல், அவரைக் கேட்காமலேயே, அதே கம்பியைத் தட்டிப் பதில் கொடுத்தது.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும். பிறகு இலைகளுக்குள்ளிருந்து, நாலு வரிசை தள்ளி, இரண்டு தரம் கேட்டது.

டிங். டிங்.

சுப்பையன்தான் என்று அவர் உடனே முடிவு கட்டினார். அடுத்த கொடிக்கால்காரர், பங்காளி, ஐந்து வயது மூத்தவர். தண்ணீர் முறையில் இருவருக்கும் நாலு வருடமாகப் பேச்சு கசந்திருந்தது. பங்காளிக் காய்ச்சல் வந்தவன் எதையும் செய்வான். எவனையோ ஒரு கிடாரோடு வேலிக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்து நையாண்டி செய்கிறார். நாளைக்குச் சந்தையில் சொல்லிச் சிரிக்கப் போகிறார்.

மறுநாள் அது அவர் வாசித்த முதல் வரியை அப்படியே திருப்பி வாசித்தது. தட்டுத் தடுமாறி, கற்றுக்குட்டிபோல. அதற்கு அடுத்த நாள் இரண்டாம் வரி. நாலாம் நாள் மெட்டின் நடுப்பகுதி வந்தது, சுண்டு விரல் எட்டாத இடம் வந்தது, ‘டக்’ என்ற ஊமைச் சத்தமும் வந்தது. நாச்சிமுத்துவுக்குக் காது சிவந்துபோனது. தன் தப்பைப் பிறர் வாயால் கேட்கும் அவமானம் லேசானதா?

கிடாரைக் கீழே வைத்துவிட்டு வரிசை வரிசையாகத் தேடினார். யாருமில்லை. வேலியில் ஆள் நுழைந்த தடம் இல்லை. நடுவரிசை ஒன்றில் மட்டும் ஈரப் பாத்தியில் காலடிகள் இருந்தன. கொடிக்காலுக்குள் யாரும் செருப்புப் போட்டு நடப்பதில்லை என்பதால் விரல் உட்பட எல்லாம் தெளிவாகப் பதிந்திருந்தன. வலது பெருவிரல் கொஞ்சம் கோணல். அவர் தன் காலை அதற்குள் வைத்துப் பார்த்தார். பொருந்தியது. அவருடையதுதான். ஆனால் அந்த வரிசைக்கு அவர் வந்து ஒரு வாரமாகியிருந்தது. முந்தின நாள்தான் தண்ணீர் பாய்ந்து, பழைய தடமெல்லாம் கரைந்திருந்தது.

மறந்திருப்பேன், என்று சொல்லிக்கொண்டார். வயசாகிறதல்லவா.

வியாழக்கிழமை மகளைப் பார்க்கச் சேலத்துக்குப் போய், இரவு தங்கி, வெள்ளி மதியம் திரும்பினார். பஸ்ஸை விட்டு இறங்கியதும் சுப்பையன் எதிரே வந்தார். விடக்கூடாது என்று நாச்சிமுத்து நேராகவே கேட்டுவிட்டார்.

“ஏனுங்ணா, இந்த வெளையாட்டெல்லாம் நமக்கு வேணுமுங்களா? யாரைக் கொண்டாந்து குந்த வெச்சிருக்கறீங்க?”

“என்றா சொல்ற? யாரக் குந்த வெச்சேன்?”

“கிடார் வாசிக்கற ஆளத்தான்.”

சுப்பையன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கேலி எதுவும் அந்த முகத்தில் இல்லை.

“அட, நீ வாசிக்கறது ஊருக்கே தெரியும். இதுல என்ன ஒளிவு மறைவு? நேத்து மத்தியானமும் வாசிச்சியே. நல்லாத்தான் இருந்துச்சு. வேலியோரத்து அகத்தி கழிக்கோணும்னு நான் ஓய்னு கொரல் குடுத்தேன். நீயுந்தான் பதிலுக்குக் குடுத்தயே.”

“நானுங்களா?”

“பின்ன? உன்ற கொரல் எனக்குத் தெரியாதாக்கும்?”

நேற்று மத்தியானம் அவர் மகள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சுப்பையன் பொய் சொல்கிறார் என்று நம்பத்தான் அவர் ஆசைப்பட்டார். நம்ப முடிந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, சனிக்கிழமை மறுபடியும் கொட்டகையில் போய் உட்கார்ந்தார். மெட்டைத் தொடங்கினார். இலைகளுக்குள் அமைதி. முதல் வரி போனது, இரண்டாம் வரி போனது. அந்த இடத்துக்கு இன்னும் நாலு சுரம் இருக்கும்போது, இலைகளுக்குள்ளிருந்து முந்திக்கொண்டு கேட்டது.

‘டக்.’

அவர் இன்னும் தப்புச் செய்யவில்லை. விரல் அங்கே போய்ச் சேரவே இல்லை.

பிறகு ஒரு கனைப்பு. அவருடைய கனைப்பு. பிறகு, மூன்று வரிசைக்கு அப்பால், மிகக் கிட்டத்தில்:

“சே.”

கிடாரைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடினார் என்றுதான் சொல்ல வேண்டும். செருப்பை வேலியோரத்தில் விட்டதுகூட நினைவில்லை. வசந்தாமணி வாசலில் வெற்றிலையை எண்ணி அடுக்கிக் கவுளி கட்டிக்கொண்டிருந்தாள். வேர்த்து விறுவிறுத்து வந்தவரைப் பார்த்து எழுந்தாள்.

“ஏனுங்க, மூஞ்சி ஏன் இப்பிடி இருக்குது?”

சொல்லியிருக்கலாம். அந்த ஒரு நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். ஆனால் ஆண்பிள்ளை, வயசான காலத்தில் கிடாருக்குப் பயந்து ஓடிவந்தேன் என்று மனைவியிடம் எப்படிச் சொல்வது?

“கை வலிக்குது புள்ள. இனி வாசிக்கல. உட்டுத் தொலைச்சுட்டேன்.”

“அய்யோ, எனக்கு வாசிச்சுக் காட்டறேன்னீங்களே” என்றாள். அவள் முகம் வாடியதைப் பார்க்க அவருக்கு நெஞ்சு வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கிடாரைப் போர்வையில் சுற்றிக் கரூருக்கு எடுத்துப்போனார். தெரிந்த ரேடியோ ரிப்பேர்க் கடைக்காரரிடம் கொடுத்து, யாருக்காவது கொடுத்துவிடுங்கள், திரும்பக் கேட்க மாட்டேன் என்று சொன்னார். காவிரிப் பாலத்தின் மேல் பஸ் திரும்பி வரும்போது மடி காலியாக இருந்தது. அழுகை வந்தது. பயம் போனதற்காகவா, கிடார் போனதற்காகவா என்று அவருக்கே தெரியவில்லை. போகட்டும், வீட்டில் அவள் இருக்கிறாள். இன்றைக்கு எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தபோது மனசு கொஞ்சம் லேசானது.

வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கதவு திறந்து கிடந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்து, தீய்ந்த வாடை வீடு முழுக்க நின்றது. பாலை இறக்காமல் போகிறவள் அல்ல வசந்தாமணி.

“வசந்தா?”

பதில் குரல் இல்லை. எப்போதும் வருகிற பதில் குரல்.

கொல்லைக் கதவும் திறந்திருந்தது. அதற்கு அப்பால் கொடிக்கால், இருட்டுக் கட்டிக்கொண்டு. காற்று இல்லை. ஓர் இலைகூட அசையவில்லை. அதற்குள்ளிருந்து கேட்டது.

கிடார்.

அவர் நடந்தார். ஓடினார். வேலியைத் தாண்டினார். ஈரம் காலைப் பிடித்தது. மெட்டு முதல் வரியைக் கடந்து, இரண்டாம் வரியைக் கடந்து, அந்த இடத்துக்கு வந்தது. எட்டியது. தப்பில்லை. ஒரு பிசிறு இல்லை. இருபது வயதில்கூட அவர் அவ்வளவு அழகாக வாசித்ததில்லை. அத்தனை பயத்திலும் அவர் கண்ணில் நீர் முட்டியது. அது அவருக்குப் பிறந்த மெட்டல்லவா.

நடுவரிசையில் வசந்தாமணி நின்றிருந்தாள். முதுகு இவர் பக்கம். கையில் கரண்டி அப்படியே இருந்தது. கூப்பிட்ட குரலுக்கு எழுந்து வந்தவள். அவளுக்கு எதிரே இலைகள், கறுப்பாக, சுவர்போல. தலையை ஒரு பக்கம் சாய்த்து அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இத்தன நாளா இதயா ஒளிச்சு வெச்சிருந்தீங்க?” என்று இலைகளைப் பார்த்துச் சொன்னாள். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

“வசந்தா” என்றார் நாச்சிமுத்து.

கிடார் நின்றது.

அவள் திரும்பவில்லை. தோள்கள் மட்டும் இறுகின. இலைகளிடம் மெல்லச் சொன்னாள்.

“ஏனுங்க... பொறகால யாரோ நிக்கறாங்க. உங்க கொரல்லயே கூப்புடறாங்க.”

ஒரு கனைப்பு. பிறகு அவர் குரல். அவளிடம் மட்டும் அவர் பேசும் குரல்.

“பயப்படாத புள்ள. பதில் கொரல் மட்டும் குடுத்துறாத. எங்கிட்ட வா.”

“அது நானில்ல வசந்தா! நான் இங்கிருக்கேன்! இங்க பாரு!”

கத்தினார். நாலு வரிசைக்கு அப்பால் போகாத கத்தல். ஆனால் அவள் கிட்டத்தில்தான் இருந்தாள். அவளுக்குக் கேட்டது.

அவள் திரும்பினாள். பார்த்தாள். அவர் முகத்தைத்தான் பார்த்தாள், நெற்றி முதல் மோவாய் வரை, இருபது வருடத்துக்கு மேல் பார்த்த முகத்தை. கரண்டி கையிலிருந்து விழுந்தது. அவள் வாய் கோணியது. பாம்பைக் கண்டதுபோல ஒரு கூச்சல்.

“ஏனுங்க! காப்பாத்துங்க!”

கூவிக்கொண்டே ஓடினாள். இலைகளை நோக்கி.

இலைகள் விலகின. முழங்கை வரை வெற்றிலைக் கறை படிந்த இரண்டு கைகள் வெளியே நீண்டு அவளை வாங்கிக்கொண்டன. ஒரு கை அவள் தலையை நெஞ்சோடு அணைத்தது. விரல் நுனிகள் காய்த்த மற்றொரு கை, குழந்தையைத் தட்டிக்கொடுப்பதுபோல, அவள் முதுகில் தாளம் தவறாமல் தட்டிக்கொண்டே அவளை உள்ளே அழைத்துப் போனது.