பன்னிரண்டு மணிக்கு வந்தவர்

கதவைத் திறந்த மகள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "என்னப்பா, மறுபடியும் வந்துட்டீங்க?" என்றாள்.

நாள் முழுக்கக் குனிந்து டைல்ஸ் ஒட்டிய முதுகு விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. ஏதோ குழந்தைப் பேச்சு என்று சிரித்து, அவளைத் தூக்கப் போனார். அவள் நழுவி அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. அவர் பிழைப்புக்காக இந்த நாட்டுக்கு விமானம் ஏறியபோது அவளுக்கு மூன்று வயது. இப்போது ஏழு. நடுவில் நாலு வருஷமும் அப்பா என்றால் அவளுக்குக் கைபேசியில் தெரிகிற முகம்தான்.

ஒரே அறையில் எட்டுப் பேர் அடுக்குக் கட்டிலில் படுக்கிற இடத்துக்கு, ஊரிலிருந்து அவரைப் பார்க்க வந்த குடும்பத்தை எப்படிக் கூட்டிவருவது? அதனால்தான் புதிதாகத் திறந்திருந்த இந்த மலிவு ஹோட்டலில் பத்து நாளைக்கு அறை எடுத்தார். மூன்றாம் மாடியில் இவர்களைத் தவிர யாருமில்லை. தாழ்வாரம் முழுக்கப் பெயிண்ட் நெடியும், ஈரம் காயாத சுண்ணாம்பு வாசமும், எங்கோ சுவருக்குள் தண்ணீர் இறங்கும் சத்தமும் கலந்து கிடந்தன. வரிசையாகச் சாத்திக் கிடந்த கதவுகளின் கைப்பிடிகளில் பிளாஸ்டிக் உறையைக் கூட யாரும் இன்னும் பிரிக்கவில்லை. கடைசி மூன்று நாள்தான் லீவு என்று மேஸ்திரி கறாராகச் சொல்லிவிட்டார். அதுவரை விடியுமுன் போய் இருட்டும்போது வரவேண்டியதுதான்.

"மத்தியானம் பளிச்சுனு இருந்தீங்க. அதுக்குள்ள எங்க போய் இவ்வளவு சிமெண்டப் பூசிக்கிட்டு வந்தீங்க?" என்றாள் மனைவி.

"மத்தியானமா?"

"பன்னெண்டு மணிக்கு வந்தீங்களே. கடைக்குக் கூட்டிட்டுப் போய் இவளுக்குச் செருப்பு வாங்கித் தந்தீங்களே."

கட்டிலுக்கடியில் சிவப்புச் செருப்பு ஒரு ஜோடி இருந்தது. புத்தம் புதிது.

"நான் வரவே இல்லம்மா. யார் தட்டினாலும் கதவத் திறக்காத. சொல்றது புரியுதா?"

அவள் சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "என்னங்க பேசுறீங்க? எனக்கு உங்களத் தெரியாதா?"

கீழே இறங்கி, வரவேற்பு மேஜைப் பெண்ணிடம் தெரிந்த நாலு வார்த்தைகளில் கேட்டார். அவள் அவரைச் சுட்டினாள், குழந்தையின் உயரத்தைக் கையால் காட்டினாள், நீங்கள் மூன்று பேரும் சிரித்துக்கொண்டே போனீர்கள் என்றாள்.

மறுநாள் அவர் திரும்பியபோது மகள் தூங்கியிருந்தாள். மனைவி தட்டை மேஜையில் வைத்துவிட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள்.

"நீங்க நேத்து சொன்னத மத்தியானம் உங்ககிட்டயே கேட்டேன். 'வேலை அலுப்புல உளறியிருப்பேன், விடு'ன்னு சிரிச்சீங்க. எத்தனை வருஷமாச்சு நீங்க அப்படிச் சிரிச்சு." சொல்லும்போது அவள் முகத்தில் வெளிச்சம் ஏறியது. அவரை நிமிர்ந்து பார்த்ததும் வடிந்தது. "சாயங்காலம் ஆனா ஏன் இப்படி ஆயிடுறீங்க?"

தட்டை மூடிவைத்துவிட்டு எழுந்தார். அன்றிரவு கட்டிலின் ஓரத்தில், விழுந்துவிடாமல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு படுத்திருந்தார். அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஒரே சீராக மூச்சு விட்டார்கள். எட்டுப் பேர் குறட்டை விடும் அறையில் கூட அவர் இவ்வளவு தனியாக இருந்ததில்லை.

மூன்றாம் நாள் வேலையிடத்தில், சரியாகப் பன்னிரண்டு மணிக்கு, சிமெண்ட் பூசும் கரண்டியைக் கீழே வைத்தார். ஹோட்டலுக்குப் போன் போட்டு அறை எண்ணைச் சொன்னார். மணி அடித்தது. நெடுநேரம் அடித்தது. யாரோ எடுத்தார்கள்.

"ஹலோ."

அவர் குரல். அவருடையதேதான். ஆனால் இருமல் இல்லாத, சிமெண்ட் தூசி படியாத குரல்.

"யார்... யார் நீ?"

"மெதுவாப் பேசுங்க. இப்பத்தான் தூங்கினாங்க." கோபமே இல்லை அந்தப் பேச்சில். "சும்மா சும்மா வந்து அவங்களப் பயமுறுத்தாதீங்க."

மேஸ்திரி பின்னால் கத்தியது காதில் விழவில்லை. ஓடினார். பஸ் கிடைக்கவில்லை. மறுபடி ஓடினார். உச்சி வெயில். லிஃப்டுக்குக் காத்திருக்க முடியவில்லை. படிகள். மூன்றாம் மாடி.

தட்டினார். உள்ளே பேச்சு நின்றது.

இன்னும் ஓங்கித் தட்டினார்.

சங்கிலி மாட்டியபடியே கதவு நாலு விரல் அகலம் திறந்தது. மனைவியின் முகம். அவரைத் தலைமுதல் கால்வரை பார்த்தாள்.

"யாருங்க வேணும்?"

"நான்தாம்மா. நான்தான். கதவத் திற."

அவள் உள்ளே திரும்பினாள். "என்னங்க, இங்க வாங்க. யாரோ பெரியவர் ஒருத்தர். நம்ம பாஷை பேசுறார். பாவம், அழுறார்."

அவருக்கு முப்பத்தெட்டு வயது.

காலடிச் சத்தம். மெல்ல. அவசரமில்லாமல். மனைவி விலகி வழிவிட்டாள். தோளில் சாய்ந்து உறங்கும் மகளைத் தட்டிக்கொடுத்தபடி அவன் வந்து நின்றான்.

நரையில்லை. கன்னம் ஒட்டவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால், விமான நிலையத்தில், இதே மகளை இதே தோளிலிருந்து இறக்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாரே, அன்றைக்கு அவருக்கிருந்த முகம்.

அந்த முகம் அவரைப் பார்த்துப் பரிவோடு புன்னகைத்தது. குழந்தை விழித்துவிடப் போகிறாள் என்பதுபோல் உதட்டின்மேல் ஒரு விரலை வைத்தது. பிறகு சத்தம் வராமல், மிக மெதுவாக, கதவைச் சாத்தியது.