வருவுடல்மானி வரைந்த சட்டகம்

கண்ணாடிக் கூண்டுக்குள் நிலோஃபர் அசையாமல் நின்றாள். வருவுடல்மானியின் நீலக் கோடு அவள் உச்சந்தலையிலிருந்து பாதம்வரை ஊர்ந்து இறங்கியது.

மலைச்சைக்கிளின் டைட்டானியச் சட்டகம் ஒருமுறை செய்தால் ஆயுசுக்கும் உழைக்கும். அதில் ஏறும் உடம்பு அப்படியே இருப்பதில்லை. அதனால் கோத்தகிரியில் இப்போதெல்லாம் யாரும் இன்றைய உடம்புக்கு மலைச்சைக்கிள் செய்துகொள்வதில்லை. எலும்பு, தசை, ஓட்டும் பழக்கம், குணம் எல்லாவற்றையும் படித்து, இனி வரப்போகும் உடம்பைக் கணித்து, அதற்கேற்ற சட்டகத்தை இந்தக் கருவி வரைந்து கொடுத்தது.

அவள் ஆசைப்பட்டது செங்குத்துச் சரிவில் பாயும் வண்டிக்கு: நீளமான சட்டகம், முன்சக்கரத்தைத் தாங்கும், நன்றாகச் சாய்ந்த ஃபோர்க், தாழ்ந்த கைப்பிடி. அந்த மலையில் அவளை முந்தி இறங்கியவர் யாருமில்லை.

திரையில் படம் விழுந்தது. சட்டகம் செய்யும் எபநேசர் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"என்னண்ணா இது? கைப்பிடி இவ்ளோ உசரத்துல இருக்கு?"

"முதுகு குனியாமப் போகும்னு சொல்லுதும்மா. அதான் கைப்பிடிய உசத்தி, கிட்டக்க கொண்டாந்திருக்கு. ஃபோர்க்கையும் நிமித்தி வெச்சிருக்கு. மெதுவாப் போறவங்களுக்குத் திருப்பச் சுளுவா இருக்கும்."

"நான் விழப்போறேனா?"

"காரணமெல்லாம் அதுக்குத் தெரியாது. அளவு மட்டுந்தான் சொல்லும்."

"எனக்கு வேண்டாம். நான் கேட்ட மாதிரியே செய்யுங்க."

அவர் அப்படியே செய்துகொடுத்தார். வண்டியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மலையுச்சியில் நின்று கீழே பார்த்தபோது, பாதைக்கு முன்னால் அந்தப் படம் வந்து நின்றது. ஒவ்வொரு வளைவிலும், இங்கேதானா, இங்கேதானா என்று மனம் கேட்டது. தோள்கள் இறுகின. கண்ணை மூடிக்கொண்டுகூட இறங்கியிருக்கக்கூடிய ஒரு பாறைச் சரிவில், பிடிக்கவே கூடாத இடத்தில், அவள் பிரேக்கைப் பிடித்தாள்.

ஆஸ்பத்திரியில் அவள் முதுகெலும்பில் உலோகத் தண்டுகள் வைத்துத் தைத்தார்கள். நடை திரும்பியது, குனிவது திரும்பவில்லை. கடைசியில் அவளே எபநேசரிடம் வந்து, கருவி வரைந்த சட்டகத்தைச் செய்யச் சொன்னாள்.

ஏறி உட்கார்ந்தாள். தேடுமுன்பே கைப்பிடி கைக்குள் இருந்தது. எங்கும் வலிக்கவில்லை. அவ்வளவு கச்சிதமாக எதுவும் அவளுக்குப் பொருந்தியதில்லை. உடம்பெல்லாம் சிலிர்த்துப்போய் வண்டியிலிருந்து இறங்கினாள்.

"அண்ணா, இது யாருக்குமே தப்பானதில்லையா?"

எபநேசர் கையைத் துடைத்துக்கொண்டார். "ஒருத்தருக்குத் தப்பாச்சு. குன்னூர்க்காரர். அன்னைக்குத் திரை வேலை செய்யல, அளவு மட்டும் தாள்ல வந்துச்சு. படத்தக் காட்டாமயே செஞ்சு குடுத்துட்டேன். பொருந்தலைன்னார். பழகிடும்னு சொல்லி அனுப்புனேன்."

"பழகுச்சா?"

"எங்க? வேற வண்டி வாங்கிட்டார். இன்னைக்கும் எறக்கத்துல பறக்குறார்."

"கருவி செஞ்ச கம்பெனிக்குச் சொன்னீங்களா?"

"சொன்னேன். கணிப்பு பலிக்கலையேன்னு பதறிட்டாங்க. அதுலேர்ந்து எல்லாருக்கும் படத்தக் கட்டாயம் காட்டணும்னு உத்தரவு. ஒண்ணுகூடத் தப்பல."

அவர்களுக்குப் பின்னால் அளவுக்கு வந்த அடுத்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணாடிக் கூண்டுக்குள் திரை நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டார்.